இரண்டு பைப் சந்திக்கும் இடம்

மாடிப்படிக் கைப்பிடியிலோ இரும்பு கேட்டிலோ இரண்டு உருண்டை பைப்புகள் டி வடிவில் சேரும் இடத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒன்றின் முனை மற்றதன் முதுகில் இடைவெளி இல்லாமல் படிந்திருக்கும். முனையை நேராக அறுத்து அப்படியே வைத்திருந்தால் இரண்டே புள்ளிகளில்தான் தொட்டிருக்கும். ஒன்றரை இன்ச் பைப்பாக இருந்தால் இரண்டு பக்கமும் 19 மி.மீ. ஆழத்துக்குச் சந்து விழுந்திருக்கும். அந்தச் சந்தை வெல்டிங் ராடால் நிரப்ப முயன்றவர்களுக்கு அது எவ்வளவு வீண் வேலை என்று தெரியும்.

எனவே முனையில் வளைவாக வாய் எடுக்க வேண்டும். வீட்டில் சிறு பட்டறை போட்டிருப்பவர்கள் முதலில் தயங்கி நிற்கும் இடம் இதுதான். சதுர பைப்பில் இந்தத் தொல்லை கிடையாது. நேராக அறுத்து வைத்தால் முடிந்தது. பலரும் ஆயுள் முழுக்க சதுர பைப்பிலேயே காலத்தை ஓட்டிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் சைக்கிளையோ பந்தயக் காரையோ அப்படிக் கட்டுவதில்லை. ஒரே அளவு தகட்டைச் சுருட்டி எந்த வடிவத்தில் மூடினாலும், முறுக்கைத் தாங்குவதில் வட்டமே முதலில் நிற்கும். எந்தப் பக்கம் வளைத்தாலும் அதன் பலம் ஒன்றுதான். 1952இல் மெர்சிடிஸ் நிறுவனத்தின் பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹவுட் 300 எஸ்.எல். பந்தயக் காரை மெல்லிய உருண்டைக் குழாய்களைப் பின்னித்தான் கட்டினார். பக்கவாட்டுச் சட்டகம் உயரமாக அமைந்துவிட்டதால் வழக்கமான கதவு வைக்க இடமில்லை. மேல்நோக்கித் திறக்கும் அந்தப் புகழ்பெற்ற கதவுகள் அதனால் வந்தவைதான். சில ஆண்டுகள் கழித்து வந்த மசராட்டி டிப்போ 61 காரில் ஏறத்தாழ 200 குழாய்த் துண்டுகள். ‘பறவைக்கூண்டு’ என்று அதற்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. இன்று கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் கட்டிக்கொண்டு வரும் கார்கள் பலவற்றிலும் இதே குழாய்ச் சட்டகம்தான். ஒவ்வொரு துண்டின் இரண்டு முனைகளிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வாய் எடுத்திருப்பார்.

எந்தக் கருவியால் எடுப்பது என்று கேட்பதற்கு முன், எடுக்கப்போகும் வளைவு என்ன வளைவு என்று தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்துவிட்டால் பாதிக் கருவிகள் தேவையில்லாமலே போகும்.

ஒரே விட்டமுள்ள இரண்டு பைப்புகள் மேசைமேல் ஒன்றை ஒன்று ஊடுருவிக் குறுக்காகக் கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் நடுக்கோடும் ஒரே உயரத்தில் இருக்கிறது. இப்போது அந்த நடுக்கோட்டின் மட்டத்தில் மேசைக்கு இணையாக ஒரு கற்பனைத் தகட்டைச் செருகி வெட்டுங்கள். முதல் பைப் ஒரு பட்டையாகத் தெரியும், இரண்டாவது இன்னொரு பட்டை. இரண்டுக்கும் ஒரே அகலம் என்பதால், அவை குறுக்கிடும் இடம் சதுரம். தகட்டைச் சற்று உயர்த்துங்கள். பட்டைகள் இரண்டும் குறுகும், ஆனால் சமமாகவே குறுகும். ஏனென்றால் இரண்டு பைப்பும் ஒரே அளவு. குறுக்கிடும் இடம் இப்போதும் சதுரம்தான், சிறிய சதுரம். உச்சிக்குப் போகும்வரை இப்படியே. இந்தச் சதுரங்களின் மூலைகள் எல்லாம் எங்கே விழுகின்றன? எல்லா உயரத்திலும் அதே இரண்டு மூலைவிட்டக் கோடுகளின் மேல்தான் விழுகின்றன. அதாவது பைப்புகள் சந்திக்கும் கோடு முழுவதும், 45 டிகிரி சாய்ந்த இரண்டு தட்டையான தளங்களில் படுத்திருக்கிறது.

பக்கத்திலிருந்து பார்க்கும்போது அத்தனை நெளிவாகத் தெரியும் வளைவு, உண்மையில் இரண்டு நேர் வெட்டுகள்! ஒரு பைப்பின் முனையில் எதிரெதிராக இரண்டு முறை 45 டிகிரியில் ரம்பம் போட்டால், அவை நடுவில் சந்திக்கும். வெளிப்புறத்தைப் பொறுத்தவரை அந்த முனை மற்ற பைப்பின் முதுகில் சரியாக உட்கார்ந்துவிடும். இரண்டு பைப்பும் ஒரே அளவாக இருக்க வேண்டும், நடுக்கோடுகள் சந்திக்க வேண்டும்; அவ்வளவுதான் நிபந்தனை. கோணம் 90 ஆக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 45 டிகிரியில் சாய்ந்து சேரும் தாங்கு பைப்புக்கு, அதன் நடுக்கோட்டிலிருந்து அளந்தால் ஒரு வெட்டு 22.5 டிகிரி, மற்றது 67.5. சேரும் கோணத்தில் பாதி, மிச்சக் கோணத்தில் பாதி.

வெள்ளரிக்காயைச் சாய்வாக நறுக்கினால் நீள்வட்டம் வருவது போல, இந்த ஒவ்வொரு வெட்டும் ஒரு பாதி நீள்வட்டம். ஆனால் பைப்பைச் சுற்றிய காகிதத்தை விரித்துப் பார்த்தால் அதில் நீள்வட்டம் இருக்காது. பள்ளிக் கணக்கில் பார்த்த கோசைன் அலை இருக்கும். பைப்பின் ஆரத்தைக் கோசைன் மதிப்பால் பெருக்கினால் அந்தந்த இடத்தில் எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பது கிடைத்துவிடும்.

ஒன்றரை இன்ச் பைப்புக்கு இதைக் காகிதத்தில் போடுவது சுலபம். வெளிவிட்டம் 38.1 மி.மீ., சுற்றளவு 119.7. பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு கிட்டத்தட்ட சரியாக 10 மி.மீ. ஒரு துண்டுக் காகிதத்தில் 10 மி.மீ. இடைவெளியில் கோடுகள் இழுத்து, விளிம்பிலிருந்து வரிசையாக 0, 9.5, 16.5, 19, 16.5, 9.5 என்று புள்ளி வைத்து, மறுபடி 0 தொடங்கி அதே வரிசையை இன்னொரு முறை போட வேண்டும். புள்ளிகளை இணைத்து வெட்டிப் பைப்பின் மேல் சுற்றினால் அச்சு தயார். கம்ப்யூட்டர் வேண்டாம், பிரிண்டர் வேண்டாம்.

இதில் இன்னொரு விந்தை ஒளிந்திருக்கிறது. இந்த வாயை எடுக்கும்போது பைப்பின் வெளிப்பரப்பில் எவ்வளவு தகடு உதிர்கிறது? வட்டம் சம்பந்தப்பட்ட கணக்கு, எனவே விடையில் ‘பை’ வந்தே தீரும் என்று தோன்றும். வராது. கூட்டிப் பார்த்தால் விட்டத்தின் வர்க்கம்தான் விடை. 38 மி.மீ. பைப்பில் வெட்டி எறிகிற பரப்பு, 38க்கு 38 சதுரம். வட்டமான பொருளை வட்டமான பொருளுக்காக வெட்டினால் கீழே விழுவது சதுரத்தின் பரப்பு.

இதைக் கண்டு வியந்தவர்கள் நமக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். இரண்டு உருளைகள் குறுக்காக ஊடுருவும்போது இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் உடல், அதை அடக்கும் கனசதுரத்தில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு என்று ஆர்க்கிமிடீஸ் கண்டார். எரடோஸ்தனிசுக்கு எழுதிய ‘முறை’ என்ற நூலில் அதைச் சொன்னார். அந்த நூல் நெடுங்காலம் காணாமல் போயிருந்தது. ஏட்டிலிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேல் பிரார்த்தனைகளை எழுதி வைத்திருந்தார்கள். 1906இல் டென்மார்க் அறிஞர் ஹைபெர்க், கான்ஸ்டான்டினோப்பிளில் அந்த ஏட்டைப் பார்த்து, அடியில் மங்கலாகத் தெரிவது ஆர்க்கிமிடீஸ் என்று கண்டுபிடித்தார். சீனத்திலும் இதே உடலுக்கு ஒரு கதை உண்டு. கி.பி. 263இல் லியூ ஹுய், நாம் மேலே செய்தது போலவே தகடு தகடாக வெட்டிப் பார்த்தார். ஒவ்வொரு சதுர வெட்டுக்குள்ளும் ஒரு வட்டம் அடங்கும், அந்த வட்டங்களை அடுக்கினால் கோளம் வரும் என்று கண்டார். இந்த உடலின் கன அளவு தெரிந்தால் கோளத்தின் கன அளவும் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. முடிந்தவர் வரட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து ட்ஸூ கெங் என்பவர் வந்து முடித்து வைத்தார். கேட் செய்யும் பட்டறையில் தினமும் வெட்டப்படும் வடிவத்துக்கு இந்த வம்சாவளி அதிகம்தான்.

கணிதம் இவ்வளவு ஒழுங்காக இருக்க, நடைமுறையில் ஏன் தகராறு? பைப்புக்குக் கனம் இருப்பதால். மேலே சொன்னதெல்லாம் வெளிப்பரப்புக்கு மட்டுமே பொருந்தும். உள்பரப்பின் ஆரம் குறைவு. அங்கே பட்டைகளின் அகலம் சமமாக இல்லை, சதுரம் கெட்டுப்போகிறது. 16 கேஜ் பைப்பின் கனம் 1.6 மி.மீ. தான். ஆனால் உள்விளிம்பும் முட்டாமல் உட்கார வேண்டுமென்றால், வாயின் இரண்டு கூர்நுனிகளிலும் 7.6 மி.மீ. அளவுக்கு உள்பக்கம் கழிய வேண்டியிருக்கிறது. 1.6 எங்கே, 7.6 எங்கே! காரணம் இதுதான்: அந்த இடத்தில் எதிர் பைப்பின் பக்கச்சுவர் கிட்டத்தட்ட நுனிக்கு இணையாகவே ஓடுகிறது. பக்கவாட்டில் சிறிது உள்ளே வந்தாலும் நீளவாக்கில் வெகுதூரம் தள்ளிப்போகிறது. இரண்டு நேர் வெட்டுப் போட்டு வைத்துப் பார்த்தவர்கள், “கணக்கு சரி, ஆனா பைப் உட்காரலையே” என்று முழிப்பது இந்த நுனியில்தான். அரைவட்ட அரத்தை உள்ளே விட்டு நுனிகளைத் தேய்த்தால் உட்கார்ந்துவிடும். காகித அச்சிலேயே இதைச் சரிசெய்ய விரும்புகிறவர்கள் 0, 9.5, 16.5, 19 என்பதற்குப் பதில் 7.6, 11.6, 16.9, 19 என்று போட்டுக்கொள்ளலாம். உள்விளிம்பு தொட்டு நிற்கும். வெளியே விழும் சிறு பள்ளம் வெல்டிங் பிடிக்க வசதியாக இருக்கும்.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்கலாம். வெல்டிங் செய்கிறவரிடம் கேட்டால் அழகுக்காக இல்லை என்பார். மெல்லிய தகட்டின் விளிம்பில் ஆர்க் பட்டால் வெப்பம் போக வழி வேண்டும். பக்கத்துப் பைப் ஒட்டி இருந்தால் அது வாங்கிக்கொள்ளும். சந்து இருந்தால் விளிம்பு உருகி விலகி ஓட்டை பெரிதாகும். அதை அடைக்கப் போட்டதன் மேலேயே போட வேண்டும். உருகிய இரும்பு குளிரும்போது சுருங்கும். சாதாரணமாகவே ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடேறினால் 1.2 மி.மீ. நீளும்; வெல்டிங் குளிர்வதோ 1,500 டிகிரி அளவிலிருந்து. நிரப்பியது எவ்வளவோ இழுப்பும் அவ்வளவு. சந்து ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு என்றால் சட்டம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். டிக் வெல்டிங்கில் இந்த விஷயத்தில் கருணையே கிடையாது.

இனி கருவிகள். எல்லாவற்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்த வளைவு எங்கே இருக்கிறது? கிரைண்டரில் வளைவு இல்லை, நீங்கள் சுற்றிய காகிதத்தில் இருக்கிறது. வட்டத் துளை வெட்டும் ஹோல்சாவில் கருவியின் விட்டத்திலேயே இருக்கிறது. பஞ்ச் இயந்திரத்தில் அச்சில். பெல்ட் கிரைண்டரில் உருளையில். வளைவு கருவிக்குள் போகப் போக, வேகம் கூடும், விலையும் கூடும், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டியும் வரும்.

நான்கு இன்ச் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். 1 மி.மீ. கனமுள்ள கட்டிங் வீல் தட்டையானது. வளைவாக வெட்டாது, வளைக்கப் பார்த்தால் உடையும். ஆனால் நமக்குத் தேவை இரண்டு தட்டையான வெட்டு! கருவியின் குறையும் வடிவத்தின் இயல்பும் இப்படி ஒத்துப்போவது அபூர்வம். பைப்பில் எதிரெதிராக இரண்டு நடுக்கோடுகள் இழுத்து, காகிதத்தைச் சுற்றி மார்க்கரால் குறித்து, கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, மிச்சத்தை அரத்தால் கொண்டுவர வேண்டும். வைத்துப் பார்த்து, பின்னால் விளக்கைப் பிடித்தால் எங்கே தேய்க்க வேண்டும் என்று வெளிச்சமே காட்டும். கைபழகியவர் கால் மணி நேரத்துக்குள் ஒரு முனையை முடித்துவிடுவார். எந்த விட்டத்துக்கும், எந்தக் கோணத்துக்கும் இதே கருவி போதும். ஆபத்தை மட்டும் மறக்கக் கூடாது. நிமிடத்துக்கு 11,000 சுற்று வேகத்தில் அந்த வீலின் விளிம்பு மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. வெட்டுக்குள் இறுகினால் சிதறும். இடம் போதவில்லை என்று வீலை மூடும் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். அது திறமை இல்லை.

அடுத்தது ஹோல்சாவும் அதைத் தாங்கும் ஜிக்கும். பைப்பை ஒரு பிடிக்குள் இறுக்கி, கோணத்தை வைத்து, டிரில்லிங் மெஷினால் ஹோல்சாவை ஓட்டினால், எதிர் பைப்பின் வடிவமே வெட்டாக விழுகிறது. தகட்டின் கனம் முழுவதும் சரியாக வெட்டுவதால் மேலே சொன்ன உள்விளிம்புத் தகராறு இல்லை. விட்டம் வேறுபட்ட பைப்புகளுக்கும் பொருந்தும்; அங்கே இரண்டு நேர் வெட்டு வித்தை செல்லாது, ஏனென்றால் சந்திக்கும் கோடு எந்தத் தட்டையான தளத்திலும் அடங்காது. சிறிய பைப் பெரிய பைப்பில் சேர்கிறது என்றால் ஹோல்சா பெரியதன் அளவில் இருக்க வேண்டும். இதை மாற்றி வாங்குகிறவர்கள் நிறைய.

ஹோல்சா கெட்டுப்போவது பெரும்பாலும் வேகத்தால். அதிவேக எஃகுப் பல்லுக்கு சாதா இரும்பில் நிமிடத்துக்கு 25, 30 மீட்டர் வெட்டு வேகம் போதும். 38 மி.மீ. ஹோல்சாவுக்கு அது சுமார் 250 சுற்று. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அதில் பாதி. வீட்டில் இருக்கும் டிரில்லிங் மெஷினோ ஆயிரங்களில் சுற்றும். முழு வேகத்தில் அழுத்தினால் பல் சிவந்து மழுங்கி, ஒரே பைப்போடு கதை முடியும். மெதுவாக, எண்ணெய் விட்டு, விடாத ஒரே அழுத்தத்தில் ஓட்ட வேண்டும். வளைந்த பரப்பில் பல் முதலில் ஒரு ஓரத்தில் மட்டும் கடிப்பதால் மெஷின் கையைத் திருகிவிடும். பக்கக் கைப்பிடி இல்லாத மெஷினை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். ஆழமும் ஒரு தடை. சாதாரண ஹோல்சாவின் ஆழம் 40 மி.மீ. அளவுதான், பைப் சாயச் சாய, குறுக்கே கடக்க வேண்டிய தூரம் கூடும். 38 மி.மீ. பைப் 45 டிகிரியில் சேர்ந்தால் 54 மி.மீ. கடக்க வேண்டும், 30 டிகிரி என்றால் 76. பாதியில் நிறுத்தி, கழிவை வெட்டி எடுத்துவிட்டுத் தொடர வேண்டியதுதான். கூர்மையான சாய்வுகளில் கிரைண்டரே மேல்.

மலிவான ஜிக்கில் கவனிக்க வேண்டியது தண்டின் ஆட்டம். கடையிலேயே தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையில் தெரிகிற ஆட்டம் வெட்டில் இரட்டிப்பாகத் தெரியும். ஹோல்சாவின் மையமும் பைப்பின் மையமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் ஒரு நுனி நீண்டு மற்றது குட்டையாகும். ஜிக்கில் கொஞ்சம் பணத்தைக் குறைத்தாலும் ஹோல்சாவில் குறைக்கக் கூடாது. கோபால்ட் கலந்த எஃகுப் பல்லை வளையும் எஃகு உடலில் பற்றவைத்த பைமெட்டல் வகையே வேண்டும். மரத்துக்கு விற்கும் செட்டு இரும்பில் பல் இழந்து நிற்கும்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். நெம்புகோலை இழுத்தால் முனையைக் கத்தரித்துவிடும் பஞ்ச் வகை, ஒரே அளவு கைப்பிடிகளை நூற்றுக்கணக்கில் செய்பவருக்கு ஏற்றது, வீட்டுக்குப் பொருந்தாது. உருளையின் மேல் ஓடும் பெல்ட்டில் தேய்த்து வாய் எடுக்கும் இயந்திரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலைக்கு நன்றாக இருக்கும். இடமும் மின்சாரமும் பணமும் கேட்கும். வாய் எடுப்பதற்கென்றே எண்ட்மில் வைத்துச் செய்த நாட்சர் இயந்திரம் பந்தயச் சட்டகம் கட்டுபவர்களின் கனவு, கனவாகவே இருக்கலாம். பைப்பை லேசரில் வெட்டித் தரும் இடங்கள் வந்துவிட்டன. சட்டகத்தின் வரைபடம் முடிவாகிவிட்டது, துண்டுகளும் நிறைய என்றால், கருவி வாங்குவதற்கு முன் அங்கே விலை விசாரிப்பது புத்திசாலித்தனம்.

எதை வாங்கினாலும் கடையில் ஒரு பொறி காத்திருக்கிறது. ‘ஒரு இன்ச் பைப்’ என்று கேட்டு ஜி.ஐ. தண்ணீர் பைப்பை வாங்கி வந்தால் அதன் வெளிவிட்டம் 25.4 மி.மீ. இருக்காது, 33.7 இருக்கும். அந்த வகைக்கு உள்வழியை ஒட்டிப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றரை இன்ச் என்பது 48.3. ஃபர்னிச்சர், வண்டி வேலைக்கு வரும் டியூப்போ வெளிவிட்டத்தால் அழைக்கப்படுவது. ஒன்றரை என்றால் 38.1தான். பெயரை நம்பி ஹோல்சா வாங்காமல், வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்த பிறகு வாங்குங்கள். ஜி.ஐ. என்றால் சேரும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சல் வரலாம்.

இவ்வளவுக்குப் பிறகு என்ன வாங்கச் சொல்கிறாய் என்றால், முதல் சட்டகத்துக்கு ஒன்றும் வாங்க வேண்டாம் என்பேன். கிரைண்டர் ஏற்கெனவே இருக்கும். பத்து இன்ச் அரைவட்ட அரம் ஒன்றும் காகிதமும் சேர்த்தால் போதும். இருபது முப்பது முனைகளை ஒரே அளவில், ஒரே கோணத்தில் எடுக்க வேண்டிய வேலை வரும்போது ஜிக்கும் அதற்குரிய ஒரே ஒரு நல்ல ஹோல்சாவும் வாங்குங்கள். எல்லா அளவும் உள்ள செட்டை வாங்காதீர்கள். அதில் இரண்டு மட்டுமே உங்கள் பைப்புக்குப் பொருந்தும்.